நின்றுபோனால்தான் கவலை

பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 7. பளுதூக்குதலில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு மொத்தம் 199 கிலோ தூக்கினார். வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200. அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பில் சற்றுப் பலவீனம் இருந்தது என்று போட்டி முடிந்ததும் மீராபாய் ஒளிக்காமல் சொன்னார். அதே மேடையில்தான் ஸ்னாட்ச் முறையில் 88 கிலோ தூக்கி, தன்னுடைய முந்தைய உச்சத்தையும் அவர் எட்டியிருந்தார். பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் 2002இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோதும் மாதவிடாய் வயிற்றுவலி அவரைப் படுத்திக்கொண்டுதான் இருந்தது.

அப்படியென்றால் மாதவிடாய் ஆட்டத்தைப் பாதிக்கிறதா, இல்லையா? 2020இல் 78 ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். முதல் சில நாட்களில் திறன் இம்மியளவு குறையலாம். ஆனால் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் என்று தெரிந்தது. ஆகவே எல்லாப் பெண்களுக்கும் ஒரே பயிற்சி அட்டவணை போட்டுத் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். அந்தந்தப் பெண்ணின் உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

வலியும் சோர்வும் கற்பனையல்ல. கருப்பையின் உட்சுவர் உரியும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின், கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. குடலையும் அது விடுவதில்லை. பலருக்கு அந்த நாட்களில் வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். பூப்பெய்திய பின் வரும் சில ஆண்டுகளில் பலருக்கு இந்த வலி கடுமையாகவே இருக்கும். இதற்கு மருத்துவர் தரும் இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்றவை தடைசெய்யப்பட்ட மருந்துப் பட்டியலில் இல்லை. ஊக்கமருந்துச் சோதனைக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராத பெண்ணிடம் "இன்னும் வேகமா ஓடு" என்று மைதான ஓரத்திலிருந்து கத்தி என்ன பயன்?

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது மாதவிடாய் நின்றுபோவது. ஒரு பள்ளி மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள்: விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி, அங்கிருந்து நேராகப் பள்ளி, டப்பாவில் ஆறிப்போன நான்கு இட்லி, சாயங்காலம் மறுபடி மைதானம். எரிகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாதபோது மூளையின் ஹைப்போதலாமஸ் சிக்கனத்தில் இறங்குகிறது. சினைப்பைக்குப் போகும் சமிக்ஞை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, மாதவிடாய் நிற்கிறது. "தொல்லை விட்டது" என்று அந்தப் பெண்ணும் நிம்மதி அடைகிறாள். உடம்பு நன்றாக இறங்கியிருக்கிறது என்று பயிற்சியாளரும் மகிழ்கிறார். உள்ளே எலும்பு கரைய ஆரம்பித்திருக்கும். ஆயுளுக்கும் வேண்டிய எலும்பு வலிமையில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர வேண்டியது என்பதால், இந்த வயதில் இழப்பது பேரிழப்பு. பள்ளி வயதிலேயே அமெரிக்காவின் ஓட்ட நட்சத்திரமாக இருந்த மேரி கெய்ன், எடையைக் குறைக்கச் சொல்லித் தரப்பட்ட அழுத்தத்தில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததை 2019இல் வெளியே சொன்னார்.

இதைக் கவனிக்க ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, வலி, தூக்கம், அன்றைய பயிற்சி எப்படிப் போனது என்று அந்தப் பெண்ணே எழுதட்டும். யாரிடம் காட்டுவது என்பதும் அவள் விருப்பம். 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஹார்மோன் மாத்திரை போட்டு ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கருத்தடை மாத்திரை எலும்பைக் காப்பாற்றாது, உண்மையான நிலையை மறைத்துவிடும். சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் சுழற்சி தானாகத் திரும்பும். எலும்பு தேறுவதற்கு அதைவிட நாளாகும்.