ஊரைப் படித்த முத்தையா



உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? பாடப்புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அதில் அசோகர் இருப்பார், அக்பர் இருப்பார். உங்கள் தெரு இருக்காது! உள்ளூர் வரலாற்றை யாராவது ஒருவர் ஊரைச் சுற்றிப் பார்த்து, கேட்டு எழுதினால்தான் உண்டு. சென்னைக்கு அப்படிக் கிடைத்தவர்தான் எஸ். முத்தையா.

1930-இல் பள்ளத்தூரில் பிறந்த இவர், இலங்கையில் பத்திரிகையாளராக இருந்தார். 1968-இல் சென்னைக்கு வந்தார். தெருக்களையும் பழைய கட்டடங்களையும் பற்றித் தகவல் சேர்த்து, 1981-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். முதலில் அது சிறிய புத்தகம்தான். புதுப் பதிப்பு வரவர அது பெருத்துக்கொண்டே போனது! 1991-இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1999 முதல் 'தி இந்து' நாளிதழில் வாராவாரம் சென்னையைப் பற்றி எழுதினார்.

அவர் எழுதியதில் பிழை இருந்தால் வாசகர்கள் விடமாட்டார்கள். உடனே கடிதம் போடுவார்கள். முத்தையா கோபப்படவில்லை. அந்தக் கடிதங்களையும் தம் பகுதியிலேயே வெளியிட்டார். தவறைத் திருத்திக்கொள்பவரே நல்ல வரலாற்றாசிரியர், இல்லையா?

இந்த வேலையில் பெரிய சிரமம் எது தெரியுமா? வரலாறு நமக்காகக் காத்திருப்பதில்லை. சென்னை சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் என்ற அழகான சிவப்புக் கட்டடம் இருந்தது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்ற இடம். 1985-இல் அது தீக்கு இரையானது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. மெரினாவில் உள்ள காவல்துறைத் தலைமை அலுவலகத்தையும் இடிக்கப் பார்த்தார்கள். ஊர்மேல் அக்கறை கொண்டவர்கள் நீதிமன்றம் சென்றதால் அது தப்பியது.

கட்டடம் மட்டுமா? மனிதர்களும் அப்படித்தான். நான் வேலை பார்த்த ஊரில் உப்புக்காரத் தெரு என்று ஒரு தெரு. பெயர்க்காரணம் தன் தாத்தாவுக்குத் தெரியும் என்றான் ஒரு மாணவன். "பரீட்சை முடியட்டும், வந்து கேட்கிறேன்" என்றேன். பரீட்சை முடிந்தது. அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். இன்றுவரை அந்தப் பதில் எனக்குத் தெரியாது.

1639 ஆகஸ்ட் 22-ஐ நினைவுகூர்ந்து, 2004-இல் முத்தையாவும் நண்பர்களும் சென்னை தினத்தைத் தொடங்கிவைத்தார்கள். 2019-இல் முத்தையா மறைந்தார். ஆனால் அவர் செய்த வேலை முடியவில்லை. ஒவ்வோர் ஊரிலும் அது மிச்சம் இருக்கிறது.

ஆகவே செல்வங்களே, ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிறு தாத்தா, பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். தெருவின் பெயர், குளத்தின் கதை, பள்ளிக்கூடம் வந்த ஆண்டு என்று கேளுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள்.

என்னைப் போல் பரீட்சை முடியட்டும் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்!