வால்வு தானாக இறங்க வேண்டும்

ஃபோர்க்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரிம்மை மறுகையால் பக்கவாட்டில் ஆட்டினேன். டொக், டொக். அப்பா ஓட்டிய பழைய சைக்கிள். முன் ஹப்பில் ஆட்டம் விழுந்திருந்தது.

வெளியே பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் இடைவெளி தலைமுடி கனம்தான். ஹப்பின் இரு முனையிலும் பால்ஸ் எனும் உருண்டைகளின் வரிசை. நடுவே நாலு விரல் தூரம். ரிம்மோ ஒன்றரைச் சாண் தள்ளி. அதனால் உள்ளே நடக்கும் சின்ன அசைவு அங்கே பல மடங்காகிவிடுகிறது. அப்படியே ஓட்டினால் பாரம் ஓரிரு உருண்டைகளின் மேலேயே விழுந்து, அவற்றைத் தாங்கும் கூம்பான கோனில் குழி விழும்.

இந்த உருண்டைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1869-இல் பாரிஸ்காரர் ஜூல் சூரிரே சைக்கிளுக்கான பால் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் ஜெயித்தது அத்தகைய வண்டியில்தான். எண்பது ஆண்டு கழித்து, 1949-இல், முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. தொழிற்சாலை எங்கள் அம்பத்தூரில். அந்த ஆங்கிலேய நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயர் இங்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஞாபகம் வருமோ!

சக்கரத்தைக் கழற்றினேன். கோனை மெல்லிய ஸ்பேனரால் பிடித்து, அதை மேலிருந்து பூட்டும் செக் நட்டைத் தளர்த்தினேன். கோனை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது உள்ளே போவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவுக்குத் திருப்பினால் முடி கனம் நகரும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆட்டம் சரியாகப் போன இடத்தில் நிறுத்தி, செக் நட்டை இறுக்கினேன். சக்கரம் கரகரவென்று பிடித்துக்கொண்டது! மரையில் எப்போதும் கொஞ்சம் தளர்வு உண்டு. செக் நட் இறுகும்போது அந்தத் தளர்வளவு கோனை உள்ளே தள்ளிவிடுகிறது. ஆகவே துளி ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுவைக்க வேண்டும். செக் நட் அதை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு துளி என்பது கைக்குத்தான் தெரியும். எனக்கு நாலாவது முறையில் தெரிந்தது.

மாட்டிய பின், சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க முன்பக்கத்தைத் தூக்கி, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்தேன். வால்வின் எடை சில கிராம்தான். அது மெல்லக் கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி வந்து, நாலைந்து முறை ஊசலாடி, தரையைப் பார்த்து நின்றது.