திரை வாங்குமுன் உங்கள் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது, "மேட் திரை வாங்கலாமா, கிளாஸி வாங்கலாமா?" என்பதுதான். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்பதற்கெல்லாம் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். இதற்கு அவரால் சரியாகச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம், ட்யூப் லைட் எந்தச் சுவரில் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆற அமரப் பார்ப்போம். கொஞ்சம் கணக்கும் உண்டு.

கிளாஸி திரையில் இருப்பதுபோன்ற பளபளப்பான கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். திரையின் வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அளவில் சொல்வார்கள். வீட்டு மானிட்டர்கள் பெரும்பாலும் 250 முதல் 300 நிட் வரை. எரியும் ட்யூப் லைட்டின் பரப்பு ஏறக்குறைய 10,000 நிட். அதில் 4 சதவீதம் 400 நிட். அதாவது, திரையில் தெரியும் ட்யூப் லைட்டின் பிம்பம், திரை காட்டக்கூடிய வெள்ளையைவிடப் பிரகாசமானது. அந்தப் பட்டை விழும் இடத்தில் எழுத்து மூழ்கிப்போவது இதனால்தான். பகலில் ஜன்னல் வழியே தெரியும் வானமும் சில ஆயிரம் நிட் இருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

மேட் திரை இந்த ஒளியை விழுங்கிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. புதிய எவர்சில்வர் தட்டில் முகம் தெரியும். பல வருடம் நார் போட்டுத் தேய்த்த தட்டில் தெரியாது. பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகிவிட்டதால் ஒளி ஆளுக்கொரு திசையில் போகிறது. மேட் திரையின் மேல் ஒட்டியிருக்கும் படலமும் அப்படித்தான். ட்யூப் லைட் கோடாகத் தெரியாமல், மங்கலான வெளிச்சத் திட்டாக விரிந்துவிடும்.

அப்படி விரிந்த ஒளி திரை மேல் மெல்லிய வெண்திரையாகப் படியும். அதுதான் மேட் திரைக்கு நாம் கொடுக்கும் விலை. இருட்டறையில் வெள்ளை 250 நிட், கறுப்பு 0.25 நிட் காட்டும் திரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதன்மேல் வெறும் 2 நிட் வெளிச்சம் படியட்டும். வெள்ளை 252, கறுப்பு 2.25. இப்போது வித்தியாசம் 112 மடங்குதான். கறுப்பு சாம்பலாகிவிட்டது. ‘மேட்டில் கலர் டல்’ என்று கடையில் சொல்வது இதைத்தான்.

ஆனால் கடையில் யாரும் சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு. வெள்ளையடித்த சுவர் உங்கள் பின்னால் இருந்து, அறையில் சாதாரண விளக்கு எரிந்தால், கிளாஸி திரையும் அந்தச் சுவரைப் பிரதிபலித்து ஏறக்குறைய அதே 2 நிட்டைக் கறுப்பின் மேல் பூசிவிடும். கிளாஸியின் ஆழமான கறுப்பு கிடைக்க வேண்டுமென்றால் அதன் எதிரில் இருட்டு இருக்க வேண்டும். அல்லது அடர்நிறச் சுவர் இருக்க வேண்டும். நம் வீட்டு ஹால்களில் இரண்டுமே அபூர்வம். ஷோரூமில் மயக்கிய திரை வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேட்டிலும் தரம் உண்டு. பேனல் விவரத்தாளில் ‘ஹேஸ் 25%’ என்பது போல ஓர் எண் இருக்கும். படலத்தைக் கடந்து வரும் ஒளியில் எவ்வளவு பங்கு 2.5 டிகிரிக்கு மேல் விலகிச் சிதறுகிறது என்பதன் அளவு அது. எண் ஏற ஏறப் பிம்பம் மங்கும். கூடவே எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் குறையும். சில பழைய ஐபிஎஸ் மானிட்டர்களில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் அதன்மேல் மணல் தூவியதுபோல மினுமினுக்கும். தமிழ் வாசிப்பவர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. கடையில் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைச் சிறிய எழுத்தில் திறக்கச் சொல்லுங்கள். மெய்யெழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளியையும், ‘ணி’, ‘ழி’யின் கொக்கியையும் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்த மேட் நல்ல மேட்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கண்ணாடிக் கடையில் ‘ஏ.ஆர். கோட்டிங் போடவா?’ என்று கேட்கிறார்களே, அதேதான். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மக்குலா என்ற இயற்பியலாளர் உருவாக்கிய முறை. ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுள்ள படலத்தைப் பூசினால், அதன் மேற்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒளி சிதறாமலே பிரதிபலிப்பு குறைகிறது. மூக்குக் கண்ணாடியில் மிஞ்சும் பச்சை, ஊதாச் சாயல் இந்தப் பூச்சின் அடையாளம். நல்ல கிளாஸி திரைகளில் இது இருக்கும்; மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. அணைத்த திரையில் உங்கள் முகம் பளிச்சென்று நிலைக்கண்ணாடி போலத் தெரிந்தால், பூச்சு இல்லை அல்லது பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

ஆப்பிளின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2006இல் வந்த மேக்புக்கில் கிளாஸி மட்டும்தான். 2009இல் 17 அங்குல மேக்புக் ப்ரோவில் மேட் வேண்டுமென்றவர்களிடம் கூடுதலாக 50 டாலர் வாங்கினார்கள். 2019இல் வந்த ப்ரோ டிஸ்ப்ளேயில், படலம் ஒட்டாமல் கண்ணாடியையே நுண்ணளவில் செதுக்கிய ‘நானோ டெக்ஸ்ச்சர்’ வந்தது. அதற்குக் கூடுதல் விலை 1,000 டாலர். 2024 மேக்புக் ப்ரோவில் அது 150 டாலருக்கு இறங்கியது. பிரதிபலிப்புத் தொல்லை இல்லாத திரைக்காகத் தனியாகக் காசு கொடுக்கிறவர்கள் இத்தனை வருடமும் இருந்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு சோதனை சொல்கிறேன், செலவே இல்லை. மேஜை போடப்போகும் இடத்தில் நாற்காலியில் உட்காருங்கள். கைப்பேசியை அணைத்து, மானிட்டர் வரப்போகும் இடத்தில் நிறுத்திப் பிடியுங்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மெதுவாக நகர்த்துங்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என்னென்ன தெரிகிறதோ அதெல்லாம் கிளாஸி திரையில் தெரியும். காலை 11 மணிக்கு ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு இரவு ஒருமுறை பாருங்கள். நம் வீடுகளில் ட்யூப் லைட் கூரையில் இல்லாமல் சுவரில் மாட்டியிருப்பது வழக்கம். எதிர்ச்சுவரில் மாட்டிய அந்த விளக்கு, மானிட்டரின் மேல் பாதியில் வந்து குறுக்கே நிற்கும்.

பிரதிபலிப்பு கண்ணைக் கெடுத்துவிடாது. ஆனால் அதைத் தவிர்க்க நாம் தெரியாமலே உடம்பை வளைக்கிறோம். ஆன்லைன் வகுப்பில் பிள்ளை கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தால், "நேரா உட்காரு" என்று அதட்டுமுன் அதன் பின்னால் போய் நின்று திரையைப் பாருங்கள். ஜன்னல், மானிட்டருக்கு எதிரிலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்தாலே பாதித் தொல்லை போகும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்துக்கொண்டால் பிம்பம் அவ்வளவாக உறுத்தாது. கறுப்புப் பின்னணியில்தான் அது துல்லியமாகத் தெரியும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கிளாஸியின் மேல் மேட் ஃபிலிம் ஒட்டலாம். கூர்மை கொஞ்சம் போகும், அவ்வளவுதான். மேட்டைக் கிளாஸி ஆக்க நல்ல வழி இல்லை. ஈரத்துணி போட்டு ஊறவைத்து மேல் படலத்தை உரிக்கும் வீடியோக்களைப் பார்த்துக் கையை வைக்காதீர்கள். அடியிலிருக்கும் போலரைசர் என்ற அடுக்கோடு சேர்ந்து அது வந்துவிட்டால் திரையே போச்சு.

என் தீர்ப்பைக் கேட்டால், ஹாலில் எல்லோரும் மாறிமாறி உட்காரும் கம்ப்யூட்டருக்கு மேட்தான். கணக்கு எழுதுவது, படிப்பது, வீட்டிலிருந்து அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் அதுவே. தனி அறை, கனமான ஜன்னல் திரைச்சீலை, இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பது அல்லது புகைப்படத் திருத்தம் என்று இருப்பவர்கள் நல்ல ஏ.ஆர். பூச்சுள்ள கிளாஸி வாங்கலாம். அந்த ஆழமான கறுப்பு அவர்களுக்கு நிஜமாகவே கிடைக்கும். எதை எடுத்தாலும் பணம் கட்டுமுன் கடைக்காரரிடம் திரையை ஒருமுறை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.