உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் உலகத் தங்கம்

சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடி 1989-லேயே டென்மார்க்கில் குண்டு எறிந்து முதலிடம் பிடித்தவர் பெங்களூரு மாலதி ஹொள்ளா. ரியோவின் வெள்ளியைக் கொண்டாடிய நாடு அந்தத் தங்கத்தை ஏறக்குறைய மறந்தே போனது.

குண்டு எறிதல் கை பலத்தைக் காட்டும் விளையாட்டு என்று நினைப்பவர்கள், நல்ல வீராங்கனை ஒருவர் பயிற்சி செய்வதைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். வட்டத்தின் பின்விளிம்பில் முதுகைக் காட்டிக் குனிகிறார். ஒற்றைக் காலால் தரையை உந்திப் பின்னோக்கி வழுக்கி வருகிறார். இடுப்பு திரும்புகிறது, மார்பு நிமிர்கிறது. கையின் முறை கடைசியில்தான் வருகிறது. சோவியத் யூனியனின் நடால்யா லிசோவ்ஸ்கயா 1987-ல் மாஸ்கோவில் 22.63 மீட்டர் எறிந்து படைத்த உலக சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அந்த நாலு கிலோ குண்டை அவ்வளவு தூரம் அனுப்பியதில் கால்களுக்கும் இடுப்புக்கும்தான் பெரும்பங்கு.

அந்தக் கால்களும் இடுப்பும் ஒத்துழைக்க மறுத்தால் மிஞ்சுவது தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள். மாலதியிடம் இருந்தது இவ்வளவுதான்.

இன்றைய உடுப்பி மாவட்டத்தில் உள்ள கோட்டாவில் 1958-ல் பிறந்தவர். அப்பா சிறிய ஹோட்டல் நடத்தியவர். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கைவந்த தொழில். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த கடும் காய்ச்சல் உடல் முழுவதையும் முடக்கிப் போட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மின் அதிர்ச்சி சிகிச்சை. அது திருப்பிக் கொடுத்தது இடுப்புக்கு மேலே இருந்த வலுவை மட்டும். பிறகு சென்னை. ஈஸ்வரி பிரசாத் தத்தாத்ரேயா எலும்பு சிகிச்சை மையத்தில்தான் அவருடைய இளமையின் பெரும்பகுதி கழிந்தது, முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளோடு. கர்நாடகம் கொண்டாட வேண்டிய இந்த வீராங்கனையை வளர்த்ததில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பின்னாளில் பெங்களூருவில் சிண்டிகேட் வங்கி வேலை. அதற்கு நடுவேதான் குண்டு, வட்டு, ஈட்டி, சக்கர நாற்காலி ஓட்டம் எல்லாம்.

உட்கார்ந்து எறிவதன் நுட்பமே தனி. எறிபவரின் இருக்கை தரையோடு பட்டைகளால் இழுத்துக் கட்டப்படுகிறது. இன்றைய விதிப்படி மெத்தையையும் சேர்த்து அதன் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எறியாத கையால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் வைத்துக்கொள்ளலாம். கால்களின் வேலையை அந்தக் கம்பம்தான் ஓரளவு செய்கிறது: அதை இழுத்துப் பெறும் விசை தோளுக்குப் போகிறது. குண்டு விரலை விட்டுப் போகும்வரை உடல் இருக்கையை விட்டு எழக் கூடாது. இன்னொரு சிரமம் வெளியே தெரியாது. ஒவ்வொருவருக்கும் இருக்கையைக் கட்டி அவிழ்க்க நேரமாகும் என்பதால், ஒருவர் தன் எறிதல்களையெல்லாம் அடுத்தடுத்து முடித்துவிட வேண்டும். நின்று எறிபவரைப் போல நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு அடுத்த முறைக்கு வர வழியில்லை.

இப்படிப்பட்ட போட்டிகளின் வரலாறு வியப்பூட்டும் ஒரு தேதியில் தொடங்குகிறது. லண்டன் ஒலிம்பிக் 1948 ஜூலை 29-ல் தொடங்கியது. பெண்கள் குண்டு எறிதல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அங்கேதான். வென்றவர் பியானோ கலைஞரான பிரான்சின் மிஷ்லின் ஒஸ்டெர்மெயர். அதே நாளில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேரைக் கூட்டி வில்வித்தைப் போட்டி நடத்தினார். அவர்களில் இருவர் பெண்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ரோமில் அந்த முயற்சியே 23 நாடுகளின் 400 வீரர்கள் கூடும் விழாவானது. பாராலிம்பிக் பிறந்த கதை இது.

மாலதி 1988-ல் சியோல் பாராலிம்பிக்குக்குப் போனார். மறு ஆண்டு டென்மார்க்கில் உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுகள். டொராண்டோவில் 1985-ல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு அது இரண்டாவது தடவைதான். அங்கே 200 மீட்டர் சக்கர நாற்காலி ஓட்டம், குண்டு, வட்டு, ஈட்டி என நான்கிலும் அவருக்கே தங்கம். பார்சிலோனா, ஏதென்ஸ், பெய்ஜிங் என்று பிறகும் பாராலிம்பிக் பயணங்கள் தொடர்ந்தன. அங்கே பதக்கம் கிட்டவில்லை. தொண்ணூறுகளில் அர்ஜுனா விருதும் 2001-ல் பத்மஸ்ரீயும் வந்தன. அரசு மறக்கவில்லை என்று சொல்லலாம். மறந்தது மற்றவர்கள்.

ரியோ பாராலிம்பிக்கில் 2016 செப்டம்பரில் தீபா மாலிக் எஃப்-53 பிரிவில் 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார். பாராலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று நாடே அவரைக் கொண்டாடியது. ஹரியானா அரசு 4 கோடி ரூபாய் அறிவித்தது. அதே ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பனுக்குத் தமிழக அரசு 2 கோடி அறிவித்தது. அவர் பயிற்சி பெற்றதும் பெங்களூருவில்தான். லிசோவ்ஸ்கயாவின் 22 மீட்டருக்குப் பக்கத்தில் 4.61-ஐ வைத்துச் சிரித்தவர்கள் யாராவது இருந்தால், மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று கிலோ குண்டை நாலடியாவது தள்ளிப் பார்க்கட்டும்.

தீபாவுக்குக் கிடைத்தது நியாயமான பெருமை. ஆனால் அவருக்கு 27 ஆண்டுகள் முன்னால் அதே முறையில் குண்டு எறிந்து உலகப் போட்டியில் வென்றவருக்கு வரவேற்பு ஊர்வலமும் இல்லை, கோடிகளும் இல்லை. ஒலிம்பிக் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் பதக்கத்தைத் தவிர வேறெதுவும் நம் கண்ணில் படுவதில்லை. அது ஒட்டியிருந்தாலும்கூடச் சில சமயம் தாமதம்தான்: ஹைடல்பெர்க்கில் 1972-ல் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018-ல்.

இந்த மறதியால் நஷ்டம் மாலதிக்கு மட்டுமல்ல. போலியோ தாக்கிய ஒரு கிராமத்துச் சிறுமியின் பெற்றோருக்கு, இவளால் இதுவும் முடியும் என்று காட்ட 1989-லேயே ஒரு பெயர் இருந்தது. அது அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. மாலதி அந்தக் குழந்தைகளைத் தானே தேடிக்கொண்டார். மாத்ரு அறக்கட்டளை மூலம், உடல் குறைபாட்டோடு பிறந்த, போலியோவால் முடங்கிய குழந்தைகளுக்குப் பெங்களூருவில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்துப் படிக்க வைத்தார்.