உங்கள் பிள்ளையின் கையில் இயந்திர மனிதன்!



மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த இடம் நன்கு தெரியும். ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பாதை பிரிவது அங்கேதான். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று போகும் நமது சனங்கள் பலர் அங்கு மூட்டை முடிச்சுகளுடன் நிற்பார்கள். ஒரு நாள் நானும் அப்படி நின்றிருந்தேன்.

பக்கத்துக் கடையின் முன்னால் விளையாட்டுச் சாமான்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் அவற்றில் ஒன்றைக் காட்டித் தாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அது ஓர் இயந்திர மனிதன். கை கால்களை மடக்கினால் காராக மாறும். நிமிர்த்தினால் கையில் துவக்குடன் நிற்கும்.

“துவக்கு வச்ச சாமான் ஒண்டும் என்ட வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்று தாய் சொல்லிவிட்டார். பையன் விடவில்லை. கடைசியில் அந்தச் சகோதரி என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, “மௌலவி, பொம்மை ஹராம்தானே? நீங்களே இவனுக்குச் சொல்லுங்க” என்றார்.

சகோதரிகளே, நான் ஓர் ஆசிரியன். இப்படிக் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியவன். பல வருடங்களுக்கு முன், வகுப்புக்குள் மாணவன் ஒருவன் கொண்டு வந்த பிளாஸ்டிக் றோபோவைப் பறித்து மேசை இலாச்சியில் போட்டுவிட்டு அரை மணி நேரம் உபதேசம் செய்தவன். அது என்னவென்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே, இம்முறை பையனிடமே கேட்டேன்: “மகன், இது யார்? இவருடைய கதை என்ன?”

அவன் சொன்னான்: “இவங்கட ஊரு சண்டையில அழிஞ்சு போச்சு மௌலவி. போறதுக்கு இடமில்ல. அதனால நம்மட உலகத்துக்கு வந்து, ஆரும் கண்டுபிடிக்காம காரு மாதிரி மறைஞ்சிருக்காங்க.”

தாய் ஒன்றும் பேசவில்லை. பையனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சகோதரிக்கு நாற்பது வயதிருக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் அவரும் ஒரு சிறுமியாக இருந்தார் என்பதைப் பிறகு பேசும்போது அறிந்துகொண்டேன். அவர் என்னிடம் கேட்டது மார்க்கச் சட்டத்தைத்தான். ஆனால், அவருடைய நெஞ்சில் இருந்தது அது மட்டுமல்ல. துவக்கைக் கண்டால் அவருக்குப் பயம். அந்தப் பயத்தைப் பிள்ளையிடம் சொல்ல அவரிடம் வார்த்தை இருக்கவில்லை.

இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன?

ராட்சத இயந்திர மனிதர்களின் சித்திரக் கதைகள் பெரும்பாலும் ஜப்பான் நாட்டின் உற்பத்தி. குண்டு வீச்சில் நகரங்கள் சாம்பலானதைக் கண்ட நாடு அது. 1972இல் கோ நாகாய் என்ற சித்திரக் கதாசிரியர் ‘மஸிங்கர் இஸட்’ என்ற கதையை வெளியிட்டார். மனிதன் உள்ளே அமர்ந்து ஓட்டும் இராட்சத இயந்திரம் என்ற எண்ணம் அதன் மூலமே பிரபலமானது. அவருடைய இன்னொரு கதையான ‘கிரெண்டைஸர்’ 1975 முதல் 1977 வரை 74 பாகங்களாக ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

இந்தக் கிரெண்டைஸரை அறபுலகில் அறியாதவர் குறைவு. லெபனானில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அங்குள்ள கலைஞர்கள் இதற்கு அறபு மொழியில் குரல் கொடுத்தார்கள். அதுவும் பேச்சு வழக்கில் அல்ல, நாம் கிதாபுகளில் ஓதுகின்ற தூய இலக்கிய அறபில்! கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஜிஹாத் அல்-அத்ரஷ். ஆரம்பப் பாடலைப் பாடியவர் சாமி கிளார்க். வெளியே வெடிச்சத்தம் கேட்க, வீட்டுக்குள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த அந்தப் பிள்ளைகள் இன்று நரைத்த தலையுடன் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள். இன்றும் அந்தப் பாடலைக் கேட்டால் அவர்கள் கண் கலங்குவார்கள்.

ஏன் அப்படி? கதையைக் கேளுங்கள். டியூக் ஃபிளீட் என்பவன் ஓர் இளவரசன். அவனுடைய கிரகத்தை வேகா என்ற கொடுங்கோலனின் படை நாசமாக்குகிறது. அவன் தப்பி, பூமிக்கு அகதியாக வருகிறான். ஒரு விஞ்ஞானி அவனைத் தன் மகனாக ஏற்றுக்கொள்கிறார். அவன் பெயரை மாற்றிக்கொண்டு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். சண்டை அவனுக்கு விருப்பமில்லை. தன்னை ஏற்றுக்கொண்ட மண்ணையும் எதிரி தாக்க வரும்போதுதான் வேறு வழியின்றி இயந்திரத்தில் ஏறுகிறான். இறந்துவிட்டாள் என்று நினைத்த தங்கை இடையில் உயிருடன் கிடைக்கிறாள். கடைசியில் என்ன நடக்கிறது தெரியுமா? அழிந்துபோன தன் கிரகத்தில் மீண்டும் உயிர் துளிர்ப்பதை அறிந்து, அண்ணனும் தங்கையும் அதைக் கட்டியெழுப்பத் திரும்பிச் செல்கிறார்கள்.

மீள்குடியேற்றம்! நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டுமா, சகோதரிகளே? பற்றைக்காடாகிப் போன வளவையும் கூரையில்லாத சுவரையும் வந்து பார்த்து நின்றவர்கள் அல்லவா நாம்?

பெரியவர்களும் இதைப் பேசுகிறார்களே!

“வயது வந்த ஆண்கள்கூட இந்தப் பொம்மைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்களே, இது என்ன பைத்தியம்?” என்று சிலர் கேட்கலாம். அவர்கள் பேசுவதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், எந்த இயந்திரம் பெரியது என்பதோடு அந்தப் பேச்சு முடிவதில்லை. யார் பக்கம் நியாயம், பதினைந்து வயதுச் சிறுவனை யுத்தத்துக்கு அனுப்பலாமா என்றெல்லாம் விவாதம் நீள்கிறது.

1979இல் ஜப்பானில் வெளிவந்த ‘குண்டம்’ என்ற தொடர் இதற்கு நல்ல உதாரணம். இயக்குநர் யொஷியுகி டொமினோ. அதில் எதிரிகளும் மனிதர்களே. அவர்களுக்கும் தாய் உண்டு, குடும்பம் உண்டு. வென்றவனும் அழுகிறான். ஆரம்பத்தில் இதைப் பார்க்க ஆட்கள் குறைவாக இருந்தார்கள். அனுசரணை செய்த பொம்மைக் கம்பனிக்கும் எதிர்பார்த்த விற்பனை இல்லை. 52 பாகமென்று திட்டமிட்ட கதை 43 பாகத்துடன் நிறுத்தப்பட்டது. ரசிகர்களின் பேச்சும் மறுஒளிபரப்புமே அதற்கு மறுவாழ்வு கொடுத்தன. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அதன் மாதிரி உருவைத் துண்டுகளாக, 300 யென் விலைக்கு விற்கத் தொடங்கியது. அன்று ஆரம்பித்த வியாபாரம் இன்னும் ஓயவில்லை.

இந்த மாதிரிப் பெட்டிகளில் முழுப் பொம்மை இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, தாளிலுள்ள படத்தைப் பார்த்துப் பொருத்த வேண்டும். கதையில் 18 மீற்றர் உயரமான இயந்திரம், 144இல் ஒரு பங்காகச் சுருங்கிப் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றராகப் பிள்ளையின் உள்ளங்கையில் நிற்கும். பொறுமையும் கணக்கும் கைத்திறனும் இதில் உண்டு. நமது முன்னோருக்கும் இந்தத் திறன் அந்நியமானதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் பொறிகளைப் பற்றிக் கிதாப் எழுதினார்கள். 1206இல் அல்-ஜஸரீ எழுதிய நூலில், கை கழுவ நீர் ஊற்றும் இயந்திரப் பணியாளும், யானை வடிவக் கடிகாரமும் வரைபடத்துடன் உள்ளன. றோபோவைக் கேட்கும் பிள்ளைக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

வியாபாரத்தை மறக்க வேண்டாம்

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாங்குளத்தில் அந்தப் பையன் கேட்ட, காராக மாறும் இயந்திர மனிதன் வேறொரு வகை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பனி ஜப்பானின் டகாரா கம்பனியிடமிருந்து பொம்மைகளைப் பெற்று, 1984இல் ‘டிரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ என்று பெயரிட்டது. பொம்மை முதலில் வந்தது. அதை விற்பதற்காகவே கதை எழுதப்பட்டது! 2007 முதல் அது பெரிய சினிமாப் படங்களாகவும் வரத் தொடங்கியது. கதையில் புதிதாக ஒருவர் வந்தால் கடையிலும் புதிதாக ஒரு பெட்டி வரும். ஒன்றை வாங்கிக் கொடுத்தால் மறு மாதம் இன்னொன்று கேட்பான். அது பிள்ளையின் குற்றம் மட்டுமல்ல, அப்படிக் கேட்கும்படியாகவே எல்லாம் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. வாப்பாவின் நாட்கூலி எவ்வளவு, ஒரு பெட்டியின் விலை எவ்வளவு என்பதைப் பிள்ளையிடமே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். வீண்விரயம் எதுவென்று அவன் தானாகவே கண்டுகொள்வான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. அபூதாவூதில் வரும் ஒரு சம்பவம் அழகானது. அந்தப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இரு இறக்கைகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி பதில் கூற, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

கவனித்தீர்களா? உலகில் இல்லாத ஒரு பிராணி. கற்பனைப் பொம்மை. நபியவர்கள் முதலில் அதைப் பற்றிக் கேட்டார்கள், பதிலைச் செவிமடுத்தார்கள், பின்பு சிரித்தார்கள். இதிலே பெற்றோருக்கும் என் போன்ற ஆசிரியருக்கும் பெரிய பாடம் இருக்கிறது.

சிறுபிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விதிவிலக்கு உண்டென்பதே இமாம் நவவீ (ரஹ்) உள்ளிட்ட இமாம்கள் பலரின் விளக்கம். மாற்றுக் கருத்துடைய உலமாக்களும் உள்ளனர். பேணுதலாக நடப்போரை நாம் குறை கூற வேண்டாம். ஆனால், வளர்ந்தவர்கள் உருவங்களை அலுமாரியில் அலங்காரமாக அடுக்கி வைப்பது இந்தச் சலுகைக்குள் அடங்காது. தொழுகை நேரத்தை விழுங்கும் விளையாட்டு எதுவாயினும், அதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

வன்னி மண்ணின் எச்சரிக்கை

வன்னித் தாய்மாருக்கு விசேடமாக ஒன்று. கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் வேறு, காட்டிலும் வரம்பிலும் கிடந்து எடுப்பது வேறு. பளபளப்பாக, உருண்டையாக, பிடியுள்ளதாக எது கிடந்தாலும் தொடக்கூடாது, எறியக்கூடாது, வந்த வழியே திரும்பி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அப்போது கிடைத்த காலக்கெடு 2028 ஜூன். அத்தனை வருடங்கள் தேவைப்படும் வேலை அது.

அந்த வேலையைச் செய்வது யார்? கவசமிட்ட மண்வாரி இயந்திரங்கள் உதவுகின்றன, உண்மைதான். ஆனால், முகமாலை போன்ற இடங்களில் வெயிலில் முழங்காலில் இருந்து, இரும்பு வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி மிதிவெடியை எடுத்தவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களில் யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் உண்டு. உலகைக் காப்பாற்றும் வீரனைத் தேடும் பிள்ளைக்கு இவர்களையும் காட்டுங்கள்.

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வாங்கிக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால், முடிவு சொல்வதற்கு முன் பிள்ளையிடம் அதன் கதையைக் கேளுங்கள். அவன் சொல்லி முடித்ததும் உங்கள் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். வீட்டை விட்டு வந்த கதையை, வந்த இடத்தில் இடம் தந்தவர்களின் கதையை, துவக்குச் சத்தம் ஏன் உங்களுக்கு ஆகாது என்பதை வெறுப்பை ஊட்டாமல் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் விட்டால், யுத்தமென்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது வியாபாரிகளின் படங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

முல்லைத்தீவு பஸ் வந்தது. அந்தச் சகோதரி அன்று றோபோவை வாங்கவில்லை. பையனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினான். எனக்கு அவர்களுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டும்போது அவன் கேட்டான்: “உம்மா, நீங்க ஊரவிட்டு வரக்குள்ள என்ன எடுத்துக்கிட்டு வந்தீங்க?”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர், “ஒரு துணிப் பொம்மை வச்சிருந்தேன் மகன். அத எடுக்க விடல்ல” என்று சொல்லத் தொடங்கினார். தண்ணீரூற்று வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பையன் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை.

வல்ல நாயன் நம் பிள்ளைகளை யுத்தத்தைக் கதையில் மட்டுமே அறிந்தவர்களாக வாழச் செய்வானாக! ஆமீன்.