வன்னீரும் மென்னீரும்: இரு மண்ணின் தண்ணீர்க் கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் சில மாதங்களிலேயே வெள்ளைப் படிவு கட்டிவிடும். ஒஸ்லோவிலோ ஆண்டுக்கணக்காகப் பாவித்த கேத்தலிலும் அத்தகைய படிவைக் காண்பது அரிது. அங்கு சவர்க்காரம் நுரைப்பதற்குக் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். இங்கு சிறிதளவே போதும். எமது இல்லத்தரசிகள் நன்கறிந்த இச்சிறு வேறுபாட்டின் பின்னால் நீரின் இரசாயனம் மறைந்து நிற்கின்றது. அந்த இரசாயனமே நோர்வேயின் ஆறுகளில் மீனினத்தை அழித்தது. தாயகத்தில் கைக்குழந்தைகளுக்கு ஊறு விளைவிக்கக்கூடியதும் அதுவே.

வளைந்த மூலக்கூறு

நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் உள்ளன. இவை நேர்கோட்டில் அமையாது ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இதனால் ஒட்சிசன் பக்கத்தில் சிறிது மறையேற்றமும் ஐதரசன் பக்கத்தில் சிறிது நேரேற்றமும் தோன்றி, ஒரு மூலக்கூறு அயல் மூலக்கூறைப் பற்றிக்கொள்கின்றது. ஐதரசன் பிணைப்பு எனப்படும் இப்பற்று இல்லாதிருப்பின் பூமியில் கடலும் இல்லை, குருதியும் இல்லை. நீரை ஒத்த அமைப்புடைய ஐதரசன் சல்பைட்டு, பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகிவிடுவதை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

பனிக்கட்டி மிதப்பதும் இப்பிணைப்பினாலேயே. பிற பொருள்களிற் பெரும்பாலானவை உறையும்போது சுருங்கிக் கனதியாகின்றன. நீர் மட்டும் 4 பாகையளவில் உச்ச அடர்த்தியை அடைந்து, உறையும்போது கனவளவில் ஏறத்தாழ 9 வீதம் விரிகின்றது. மாரியில் ஒஸ்லோவின் சொங்ஸ்வன் ஏரி மீது மக்கள் சறுக்கி விளையாடும்போது, அப்பனித்தரையின் கீழே உறையாத நீரில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. பனிக்கட்டி தாழ்வதாயின் ஏரிகள் அடியிலிருந்து உறையத் தொடங்கியிருக்கும்.

நீரின் மற்றொரு பெருங்குணம் கரைக்கும் ஆற்றலாகும். உணவின் சத்தையும் உப்புகளையும் கரைத்து உடலெங்கும் கொண்டு செல்வது அதுவே. ஆனால் நல்லது தீயது எனப் பகுத்தறிந்து நீர் எதனையும் கரைப்பதில்லை. தான் கடந்து வரும் காற்றினதும் கல்லினதும் குணத்தை அது தன்னோடு எடுத்து வருகின்றது.

கல்லின் குணம்

தூய மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சிறிதளவு அமிலத்தன்மை பெறுகின்றது. அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். அளவுகோலில் அது ஏறத்தாழ 5.6 ஆகும். இந்நீர் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறிச் செல்லுகையில் கல்லைக் கரைத்துக் கல்சியத்தை ஏந்திக்கொள்கின்றது. அமிலம் அங்கேயே தணிந்து விடுகின்றது, வன்னீர் உருவாகின்றது. கொதிக்க வைக்கும்போது அக்கல்சியமே காபனேற்றாக மீண்டும் கல்லாகிக் கேத்தலில் படிகின்றது.

நோர்வேயின் தரையோ பெரும்பாலும் கருங்கல்லும் அதனையொத்த கடினப் பாறைகளுமாகும். இவை எளிதிற் கரைவதில்லை. ஒஸ்லோவின் குடிநீரில் மிகப் பெரும் பகுதியை வழங்கும் மாரிடால்ஸ்வன்னே ஏரியின் நீர் இதனாலேயே மென்னீராக இருக்கின்றது. துவைக்கவும் தேநீர் தயாரிக்கவும் உகந்த நீர்தான். ஆயின் அமிலத்தைத் தணிக்கும் வலு அதற்கு இல்லை. இக்குறைபாட்டுக்கு நோர்வே கொடுத்த விலை பெரிது.

பிறநாட்டுப் புகை

தென் நோர்வேயின் ஆறுகளில் மீன்கள் அருகி வந்தமைக்கும் மழையின் அமிலத்தன்மைக்கும் தொடர்பு இருக்கலாமென 1959ஆம் ஆண்டிலேயே அல்ஃப் டன்னெவிக் என்பவர் எழுதினார். 1967இல் சுவீடன் விஞ்ஞானி ஸ்வான்டெ ஓடென் இவ்வாபத்தைப் பத்திரிகை வாயிலாக மக்கள் முன் வைத்தார். பிரித்தானியாவிலும் ஐரோப்பியப் பெருநிலப்பரப்பிலும் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியான கந்தகவீரொட்சைட்டு, காற்றோடு வடக்கே வந்து கந்தக அமிலமாகப் பொழிந்தது. பீ.எச். அளவுகோலில் ஒரு படி குறைதல் அமிலம் பத்து மடங்காதலைக் குறிக்கும். தென் நோர்வேயின் மழை 1970களில் 4.5இற்கும் கீழே இறங்கியிருந்தது.

அந்த அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து ஆறுகளில் சேர்த்தது. அது மீனின் பூக்களிற் படிந்து மூச்சையடைத்தது. மன்டால், தொவ்டால் முதலிய ஆறுகளிலிருந்து சல்மன் மீன்கள் அற்றுப்போயின.

நோர்வே இரு வழிகளில் இதனை எதிர்கொண்டது. முதலாவது, தூளாக்கிய சுண்ணாம்புக்கல்லை ஏரிகளிலும் ஆறுகளிலும் இடுதல். எமது மண் இயல்பாகவே செய்யும் பணியை இங்கு அரசு செலவு செய்து நிறைவேற்றியது. சல்மன்கள் திரும்பி வந்தன. இரண்டாவது, அளந்து காட்டிய கணக்குகளோடு அயல் நாடுகளுடன் பேசுதல். 1979இல் ஜெனீவாவில் வளி மாசு பற்றிய உடன்படிக்கை உருவானது. கந்தகப் புகையை 30 வீதத்தால் குறைக்கும் 1985ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் பிரித்தானியா சேரவில்லை. 1994 யூனில் ஒஸ்லோவிலேயே கைச்சாத்தான அடுத்த ஒப்பந்தத்தில் அதுவும் ஒப்பமிட்டது. 1980ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில் ஐரோப்பாவின் கந்தக வெளியேற்றம் 80 வீதத்துக்கு மேல் குறைந்துள்ளது.

தாயகத்துக் கிணறு

அமிலத்திலிருந்து காக்கும் சுண்ணாம்புக்கல் எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என எண்ணுதல் தவறு. அது வெடிப்பும் துளையும் நிறைந்த கல். நிலத்தின் மேல் இடப்படுவது விரைவில் கிணற்றைச் சென்றடையும். சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தமை பலரும் அறிந்ததே.

எண்ணெய்க்கு மணமுண்டு. தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இடும் உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் வரும் நைத்திரேற்றுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் இதனை மிஞ்சிய அளவு ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. சில மாதக் குழந்தைகளின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. குழந்தையின் உதடும் தோலும் நீலம் பாயும். கடுமையானால் உயிராபத்தும் நேரலாம்.

கைக்குழந்தையோடு ஊர் செல்லும் பெற்றோர் ஒன்றை மனதிற் கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே புட்டிப்பால் கரைப்பதற்குப் பரிசோதித்த கிணற்று நீரையோ நம்பகமான போத்தல் நீரையோ பாவித்தல் நன்று.

உவர் நீரும் மற்றோர் அச்சுறுத்தலாகும். ஆறில்லாக் குடாநாட்டில் நன்னீர், கனதியான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. எனவே நீரிறைக்கும் இயந்திரத்தால் மேலே ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவரும்.

நோர்வேயின் நீரைக் கெடுத்த புகைபோக்கிகள் கடலுக்கு அப்பால் இருந்தன. அவற்றைத் தணிக்கப் பல அரசுகள் பல ஆண்டுகள் பேச வேண்டியிருந்தது. எமது கிணற்றின் உரமும் குழியும் இயந்திரமும் பெரும்பாலும் எமது வேலிக்குள்ளேயே உள்ளன. ஊரில் வீடு கட்டவும் தோட்டம் செய்யவும் இங்கிருந்து பணம் அனுப்புவோர், கிணற்று நீரைப் பரிசோதிப்பதற்கும் மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தூரத்தில் அமைப்பதற்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்குவார்களாயின், அப்பணம் நற்பயன் தரும்.