கணினி மாறும்போது இயங்குதளத்தையும் கொண்டுபோகலாமா?

"சேர், போட் போகப்போகுது. டேட்டாவ மட்டும் எடுத்துத் தாறன். புது மிஷின்ல எல்லாத்தையும் புதுசாப் போட்டுக்கலாம்."

என் பழைய கணினியைத் திறந்து பார்த்த கடைத் தம்பி இப்படித்தான் சொன்னார். அவர் என்னிடம் தமிழ் படித்தவர். மதர்போர்டில் இரண்டு மூன்று கெப்பாசிட்டர்கள் வீங்கியிருந்தன. கணினி அரை மணித்தியாலம் ஓடும், பிறகு தானாகவே அணைந்துவிடும். வன்தட்டு மட்டும் நல்ல நிலையில் இருந்தது.

அவர் சொன்னபடியே ஆவணங்களைப் பென் ட்ரைவில் கொண்டுவந்து மகளின் மடிக்கணினியில் திறந்தேன். எங்கள் ஊர்ப் பெண்களிடம் பல வருடங்களாகக் கேட்டெழுதிய தாலாட்டுகளும் கவிகளும் அதில் இருந்தன. திரையில் தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும்தான் வரிவரியாக நின்றன. நான் தட்டச்சுச் செய்தது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு மகளின் கணினியில் இல்லை. பக்கம் அமைத்தது பேஜ்மேக்கரில். அந்தக் கோப்புகளோ திறக்கவே மறுத்தன.

டேட்டா வந்துவிட்டது. அதை வாசிக்கும் ஏற்பாடு வரவில்லை. எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு, பக்க வடிவமைப்பு மென்பொருள், அதற்கு நான் செய்துவைத்த சிறுசிறு மாற்றங்கள் எல்லாம் அந்தப் பழைய விண்டோஸ் 7 நிறுவலுக்குள்ளேயே கிடந்தன.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1990களிலும் 2000களிலும் நமது ஊர்களில் வெளிவந்த சிறப்பு மலர்கள், பாடசாலை மலர்கள், கவிதைத் தொகுதிகள், ஊர் வரலாறுகள் பலவும் இதே முறையில்தான் உருவாகின. தமிழ் எழுத்துகள் 1991இல் வந்த முதலாவது யூனிகோட் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. ஆனால் நமது அச்சகங்களும் எழுத்தாளர்களும் நெடுங்காலம் பாமினியை விடவில்லை. 2001இல் வந்த பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான ஏழாம் பதிப்பும் யூனிகோட் தமிழை ஏற்காது. ஆகவே ஒரு பழைய கணினி கைவிடப்படும்போது, அதன் நிறுவலோடு சேர்ந்து ஒரு நூலின் மூலப்பிரதியும் கைவிடப்படலாம்.

நிறுவிய இயங்குதளத்தை அப்படியே வேறு கணினிக்கு மாற்ற முடியுமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "அப்புடி மாத்த ஏலா சேர்" என்றார். அவர் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியைத் தேடிப் படித்துக்கொண்டதன் விளைவே இக்கட்டுரை.

சந்தியில்தான் சிக்கல்

பாடநூலில் 'பணிசெயல் முறைமை' என்று படிக்கும் இயங்குதளத்தின் பெரும்பகுதிக்குத் தான் எந்த மதர்போர்டின்மேல் ஓடுகிறோம் என்ற கவலை கிடையாது. எழுத்துரு, மென்பொருள்கள், பயனர் கணக்கு, அமைப்பு விபரங்கள் எல்லாம் எங்கு போனாலும் ஒன்றுதான். இயங்குதளம் வன்பொருளைத் தொடும் இடங்களில் மாத்திரமே தகராறு வருகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய விடயமல்ல. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது சொல் முழுவதும் மாறுவதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்திலுள்ள எழுத்தே மாறுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் அந்த விகாரத்தை மூன்றாக வகுக்கிறது. பூங்கொடியில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது, பொற்குடத்தில் திரிகிறது, மரவேரில் கெடுகிறது. இயங்குதளம் புதிய கணினியோடு சேரும்போதும் இப்படியே. புதிய வன்பொருளுக்கான ட்ரைவர்கள் தோன்ற வேண்டும். தொடங்கும் முறை திரிய வேண்டும். பழைய வன்பொருளுக்குரியவை கெட வேண்டும். பொன்மலை போல விகாரமின்றி இயல்பாகச் சேர்வதும் உண்டு. அதற்கு உதாரணம் பின்னால் வருகிறது.

பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். பழைய வன்தட்டைக் கழற்றி, சற்றுப் புதியதொரு கணினியில் மாட்டி இயக்கினேன். விண்டோஸ் சின்னம் ஒரு கணம் தெரிந்தது. உடனே நீலத்திரை வந்து, முடிவில் 7பி என்ற குறியெண்ணைக் காட்டி நின்றது. தொடங்குவதற்குரிய வட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள்.

வட்டிலிருந்து தரவை வாசிக்க, அந்த வட்டுக் கட்டுப்படுத்திக்குரிய ட்ரைவர் வேண்டும். ட்ரைவரோ வட்டுக்குள்ளேதான் இருக்கிறது. ஆகவே தொடங்கும்போதே ஏற்ற வேண்டிய ட்ரைவர்கள் எவை என்பதை விண்டோஸ் முன்கூட்டியே குறித்துவைத்திருக்கும். விண்டோஸ் 7 நிறுவும் வேளையில் தேவைப்படாத வட்டு ட்ரைவர்களைத் தொடக்கப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. என் பழைய கணினி ஐடிஈ முறையில் ஓடியது. மற்றையது ஏஎச்சிஐ முறையில். சாவி பெட்டிக்குள் அகப்பட்ட கதைதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதிய கணினியின் பயோஸில் வட்டு முறையைப் பழையதற்கு ஒத்ததாக மாற்றுவது. மற்றது, பழைய கணினி ஓடும்போதே ரெஜிஸ்ட்ரியின் சேர்விசஸ் பகுதிக்குள் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற உருப்படியைத் திறந்து, அதன் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்குவது. பிறகு வட்டை மாற்றினால் அந்த ட்ரைவர் தொடக்கத்திலேயே ஏறும்.

விண்டோஸ் 8இலிருந்து இந்த நிலைமை நன்றாகவே சீரடைந்தது. விண்டோஸ் 10, 11 நிறுவல்கள் வேறு கணினிக்குப் போனால், முதல் முறை தொடங்கும்போது சாதனங்களைத் தயார்செய்வதாக அறிவித்து, சில நிமிடங்களில் பெரும்பாலும் தாமாகவே எழும்பிவிடுகின்றன. இன்னும் ஒழுங்காகச் செய்ய விரும்புவோருக்கு விண்டோஸோடு வரும் சிஸ்ப்ரெப் இருக்கிறது. சிஸ்டம்32 கோப்புறைக்குள் அதைக் காணலாம். அதில் ஜெனரலைஸ் என்பதைத் தெரிவுசெய்து கணினியை அணைத்தால், அந்தக் கணினிக்கே உரிய விபரங்களை அது களைந்துவிடும். சில வேளைகளில் அது இடைநடுவில் தோற்பதும் உண்டு. ஆகவே பிரதியொன்று கையில் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

தொடங்கும் முறை

பழைய கணினிகள் பயோஸ் முறையிலும் புதியவை யூஈஎஃப்ஐ முறையிலும் தொடங்குகின்றன. முன்னையது எம்பிஆர் என்ற வட்டுப் பகுப்பையும், பின்னையது ஜிபிடி என்ற பகுப்பையும் எதிர்பார்க்கின்றன. பழைய முறைக்கு இடம்கொடுக்கும் தெரிவு புதிய மதர்போர்டுகள் பலவற்றில் இப்போது இல்லை. விண்டோஸ் 10இல் 2017இலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி சேர்ந்தே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் அது பகுப்பை மாற்றித்தரும். வட்டைக் கழற்றுவதற்கு முன்னர் பழைய கணினியிலேயே பிரதி எடுத்துவிட்டு, இந்த மாற்றத்தைச் செய்து, உடனே புதிய கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிய பிறகு அந்த வட்டுப் பயோஸ் முறையில் தொடங்காது என்பதை மறந்துவிடக் கூடாது.

விண்டோஸ் 7க்கு இன்னொரு தடையும் இருக்கிறது. அதற்குள் யூஎஸ்பி 3 ட்ரைவர் கிடையாது. புதிய கணினியில் அது எப்படியோ தொடங்கினாலும் கீபோர்டும் மவுஸும் அசையாமல் கிடக்கலாம்.

உரிமமும் பூட்டும்

கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. வேறொன்றுக்கு மாற்ற முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய சில்லறை உரிமத்தை மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் பாவிக்கலாம். 2016இன் பின்னர் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் உரிமத்தை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்கும் வசதி உண்டு. வன்பொருள் மாறினால் மீண்டும் செயற்படுத்த அது உதவும். புதிய மடிக்கணினி தனக்குரிய விண்டோஸ் உரிமத்தோடு வந்திருந்தால், அதே வகை நிறுவலைக் கொண்டுபோகும்போது அந்த உரிமமே பெரும்பாலும் போதுமாகிவிடும்.

இதைவிடப் பாரதூரமானது குறியாக்கம். புதிய கணினிகள் பலவற்றில் நாம் கேளாமலே வட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பிட்லொக்கர் பூட்டிய வட்டை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது இருந்தும் இல்லாததுதான். வட்டைக் கழற்றுவதற்கு முன்னரே குறியாக்கத்தை நிறுத்திவிடுங்கள். சாவியையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

செய்யும் ஒழுங்கு

ஒரேயொரு வட்டை வைத்துக்கொண்டு எந்தப் பரிசோதனையும் செய்யக் கூடாது. நான் செய்தது அதைத்தான். வட்டுத் தப்பியது என் நல்ல காலம்.

முதலில் வெளிவட்டு ஒன்றில் முழுப் பிரதி எடுக்க வேண்டும். குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளைப் பென் ட்ரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கினால், வட்டை முழுமையாகப் படியெடுக்கலாம். படியை மீட்டெடுக்கும் வட்டு, மூல வட்டின் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். எடுத்த படி சரியானதா என்று சரிபார்க்கும் தெரிவும் அதில் இருக்கிறது. நேரம் பிடித்தாலும் அதைத் தவிர்க்க வேண்டாம். பிறகு புதிய வட்டில் மீட்டெடுத்து, புதிய கணினியில் தொடக்கிப் பாருங்கள். பழைய வட்டு ஒரு மாதமாவது அலுமாரியில் தொடாமல் இருக்கட்டும்.

எல்லோரும் இந்தச் சிரமத்தை எடுக்க வேண்டியதில்லை. வேண்டியவை படங்களும் சாதாரண ஆவணங்களும் மட்டுமென்றால், புதிதாக நிறுவிக் கோப்புகளைக் கொப்பி பண்ணுவதே நல்லது. வைரஸ் ஏறிய நிறுவலை மாற்றினால் வைரஸும் கூடவே வரும்.

இயல்பாகச் சேர்வது

லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு வேலை இலகு. அதன் கரு பல்வகை வன்பொருள்களுக்குமான ட்ரைவர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தொடங்கும்போதே முன்னால் இருப்பது எதுவெனப் பார்த்துத் தேவையானதை ஏற்றுகிறது. உபுண்டு நிறுவிய வட்டை வேறு கணினியில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழும்பும். என்றாலும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். யூஈஎஃப்ஐ கணினியில் எதைக் கொண்டு தொடங்குவது என்ற குறிப்பு வட்டில் அல்ல, மதர்போர்டின் நினைவகத்திலேயே பதிந்திருக்கிறது. புதிய கணினியில் அதை மீண்டும் உண்டாக்க நேரலாம். என்விடியாவின் சொந்த ட்ரைவரை நிறுவியிருந்தால், மாற்றுவதற்கு முன் அதை நீக்கிவிடுவது பாதுகாப்பு. இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கிடையே மாறலாம். கைத்தொலைபேசிகளில் உள்ளதுபோன்ற ஆர்ம் வகைச் செயலிக்கு மாற முடியாது. அது மொழியே வேறு.

கணினிக்குள் ஒரு கணினி

கடைசியில் என் விண்டோஸ் 7ஐ நான் எந்தப் புதிய இரும்புப் பெட்டிக்கும் மாற்றவில்லை. வட்டைப் பழைய கணினியில் மீண்டும் மாட்டினேன். அது அணையுமுன்னர் முடியட்டும் என்று மின்விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள டிஸ்க்2விஎச்டி என்ற சிறு கருவியை ஓடவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே ஒரு பெரிய கோப்பாக்கி வெளிவட்டில் வைப்பது அதன் வேலை. இரண்டு தடவை இடையில் அணைந்தது. மூன்றாம் தடவை முடிந்தது.

புதிய கணினியில் வெர்ச்சுவல்பொக்ஸ் நிறுவி, அந்தக் கோப்பை வட்டாகக் கொடுத்து, கட்டுப்படுத்தியைப் பழையதைப்போல ஐடிஈ என்று தெரிவுசெய்தேன். ஒரு ஜன்னலுக்குள் என் பழைய முகப்புத்திரை வந்தது. உரிமத்தை மறுபடி கேட்டது. தனியாக வாங்கிய விண்டோஸ் என்பதால் பெட்டியிலிருந்த இலக்கத்தைக் கொடுத்தேன். பேஜ்மேக்கரைத் திறந்தேன். கவிகள் எழுத்துப் பிசகாமல் நின்றன.

இதை நிரந்தர வீடாக எடுக்கக் கூடாது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. அதனால் அந்த மெய்நிகர் கணினிக்கு இணையத் தொடர்பைத் துண்டித்தே வைத்திருக்கிறேன். நாளொன்றுக்கு ஓரிரண்டு பக்கங்களை எடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, ஒப்புநோக்குகிறேன். மாற்றிகள் நல்லவைதான். ஆனாலும் கொம்பும் காலும் இடம் மாறும் இடங்களும் கிரந்த எழுத்துகளும் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டியவை. மூலம் பக்கத்திலேயே திறந்திருந்தால்தான் அது சாத்தியம்.

அந்தக் கவிகளில் சிலவற்றைச் சொன்ன மூத்தம்மா மூன்று வருடங்களுக்கு முன் மௌத்தாகிவிட்டார். அவற்றை வேறெவரும் சொல்ல நான் கேட்டதில்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லாத கணினிகள் பல இப்போது மாற்றப்பட்டு வருகின்றன. உங்கள் வீட்டிலோ, அச்சகத்திலோ, பாடசாலைக் காரியாலயத்திலோ அப்படியொன்று ஒதுங்கிக் கிடந்தால், பழைய இரும்பு வாங்குபவருக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ஓடுமென்றால் முழுப் பிரதியை எடுத்துவிடுங்கள். மற்ற வேலைகளைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.